ஆக்சிஜனோடு எளிதில் சேராத ஹாலஜன்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

புளூரின், குளோரின், புரோமின், அயோடின் ஆகிய ஹாலஜன் தனிமங்கள் ஆக்சிஜனுடன் சேர்ந்து உண்டாகும் சேர்மங்களைப் பற்றி வந்திருந்த கேள்விகளுக்கு இந்த இதழில் ஒருசேர விடையளிக்கிறேன். ஒரு விடை அடுத்த விடைக்கு அடிப்படையாக அமைவதால், கேள்விகளை வந்த வரிசையில் வைக்காமல் பொருள் வரிசையில் வைத்திருக்கிறேன்.

கேள்வி: குளோரினும் வினைத்திறன் மிக்கது, ஆக்சிஜனும் வினைத்திறன் மிக்கது. ஆயினும் இரண்டையும் ஒரே குடுவையில் அடைத்துச் சூடாக்கினால் குளோரின் ஆக்சைடு கிடைப்பதில்லை என்கிறார்கள். அப்படியானால் அந்த ஆக்சைடுகளை எப்படித் தயாரிக்கிறார்கள்?
(பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, திண்டுக்கல்)

பதில்: வினைத்திறன் என்பது ஒரு தனிமத்துக்குள் மட்டும் இருக்கும் குணமன்று, எதிரே நிற்கும் தனிமத்தைப் பொறுத்தது அது. சோடியமோ இரும்போ எலக்ட்ரானைக் கொடுக்க முன்வருவதால் குளோரினும் ஆக்சிஜனும் அவற்றோடு உடனே வினைபுரிகின்றன. இவ்விரண்டையும் எதிரெதிரே வைத்தாலோ, இரண்டுமே எலக்ட்ரானை வாங்க விரும்புபவை, கொடுக்க விரும்பும் தரப்பு எதுவும் இல்லை. அவற்றுக்கிடையே உருவாகும் பிணைப்பு வலுவற்றது. அந்தப் பிணைப்பு உருவாகும்போது வெளிப்படும் ஆற்றல், குளோரின் மூலக்கூறையும் ஆக்சிஜன் மூலக்கூறையும் பிளப்பதற்குச் செலவாகும் ஆற்றலை ஈடுசெய்வதில்லை. ஆகவே கணக்கில் எப்போதும் பற்றாக்குறைதான். ஒரு மோல் டைகுளோரின் மோனாக்சைடு உருவாவதற்கு ஏறத்தாழ 80 கிலோஜூலும், ஒரு மோல் குளோரின் டைஆக்சைடு உருவாவதற்கு 100 கிலோஜூலுக்குச் சற்று மேலும் வெளியிலிருந்து தரப்பட வேண்டும். வெறும் சூட்டால் இதைத் தர முடியாது. அந்த வெப்பநிலையில் உண்டாகும் ஆக்சைடே உடனுக்குடன் சிதைந்துவிடும்.

எனவே வேதியியலாளர்கள் சுற்றுவழியை நாடுகிறார்கள். அந்தச் சுற்றுவழியின் சூட்சுமம் ஒன்றுதான்: ஆற்றல் தேவைப்படும் வினையை, ஆற்றலைத் தாராளமாக வெளியிடும் இன்னொரு வினையோடு பிணைத்துவிட வேண்டும். 1834-இல் பிரெஞ்சு வேதியியலாளர் பலார், குளோரின் வாயுவை மெர்குரிக் ஆக்சைடோடு வினைபுரிய வைத்தபோது நடந்தது இதுவே. குளோரினில் ஒரு பாதி பாதரசத்தோடு சேர்ந்து மெர்குரிக் குளோரைடாகிறது. பாதரசம் கைவிட்ட ஆக்சிஜனை மறுபாதி எடுத்துக்கொண்டு டைகுளோரின் மோனாக்சைடு ஆகிறது. முதல் பாதி அடையும் ஆதாயம் இரண்டாம் பாதியின் நட்டத்தைச் சுமக்கிறது. பாதரசத்தைத் தவிர்க்க விரும்பினால், ஈரப்பதமுள்ள சோடியம் கார்பனேட்டின் மீது குளோரினைச் செலுத்தலாம். அங்கே சாதாரண உப்பு உருவாவதே அந்தச் சுமையை ஏற்கிறது.

இன்னொரு வழி, முன்பே ஆக்சிஜனைத் தாங்கி நிற்கும் அமிலத்திலிருந்து நீரை மட்டும் பிரித்தெடுப்பது. மிகுந்த குளிர்ச்சியில் பெர்குளோரிக் அமிலத்தோடு பாஸ்பரஸ் பென்டாக்சைடைச் சேர்த்தால், அது நீரைப் பறித்துக்கொண்டு டைகுளோரின் ஹெப்டாக்சைடை விட்டுவைக்கிறது. 82 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் நிறமற்ற திரவம் அது. குளோரின் ஆக்சைடுகளில் மிகுதியான ஆக்சிஜனைத் தாங்கியிருப்பதும் அதுவே, அக்குடும்பத்தில் ஓரளவு நிலையாக நிற்பதும் அதுவே. ஆனாலும் அதிர்ச்சி பட்டால் வெடிக்கும். உள்ளே அடைபட்ட ஆற்றலின் அளவும், அது வெளியேறுவதற்குத் திறந்திருக்கும் பாதையும் வெவ்வேறு செய்திகள் என்பதைத் தேர்வுக்குப் படிக்கும்போதும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புளூரினும் ஆக்சிஜனும் சேரும்போது ஆக்சிஜனுக்கு நேர்க்குறி ஆக்சிஜனேற்ற எண் எப்படி வருகிறது? அந்தச் சேர்மத்தைப் பெறும் முறை என்ன?
(பள்ளி ஆசிரியை, நாகர்கோவில்)

பதில்: எலக்ட்ரான் கவர்தன்மையில் ஆக்சிஜனை விஞ்சிய தனிமம் புளூரின் ஒன்றே. ஆதலால் ஆக்சிஜன் டைபுளூரைடில் பிணைப்பு எலக்ட்ரான்கள் புளூரின் பக்கம் சாய்கின்றன. ஓர் அணு எத்தனை எலக்ட்ரானை இழந்ததாகக் கொள்ளலாம் என்பதைக் காட்டும் ஆக்சிஜனேற்ற எண், இங்கே ஆக்சிஜனுக்கு +2 ஆகிறது. 1920-களின் இறுதியில் லெபோ, டேமியன் என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள், சிறிதளவு நீர் கலந்த பொட்டாசியம் புளூரைடு, ஹைட்ரஜன் புளூரைடு உருகலை மின்னாற்பகுத்தபோது இந்த வாயுவைக் கண்டார்கள். இப்போது பாடநூல்களில் காணப்படும் முறை, ஏறத்தாழ 2 விழுக்காடு சோடியம் ஹைட்ராக்சைடு உள்ள நீர்த்த கரைசலில் புளூரினைச் செலுத்துவது. கரைசல் நீர்த்ததாக இருப்பதும் வாயு அதில் அதிக நேரம் தங்காமல் வெளியேறுவதும் இன்றியமையாதவை. காரம் மிகுந்தால் உருவான டைபுளூரைடையே அது சிதைத்து ஆக்சிஜனை வெளியேற்றிவிடும். மாணவர்களுக்கு இதை விளக்கும்போது, இதே காரத்தில் குளோரினைச் செலுத்தினால் ஹைப்போகுளோரைட்டு கிடைக்கிறது, புளூரினைச் செலுத்தினால் ஆக்சிஜனின் புளூரைடு கிடைக்கிறது என்று இரண்டையும் அடுத்தடுத்து எழுதிக் காட்டினால், புளூரின் ஏன் அக்குடும்பத்தில் தனித்து நிற்கிறது என்பது தெளிவாகும்.

இதன் உறவினரான டைஆக்சிஜன் டைபுளூரைடைக் கரைசல்முறையில் பெற இயலாது. 1933-இல் ஜெர்மனியின் ஓட்டோ ரூஃபும் அவருடைய உடனாய்வாளர் மென்சலும், குறைந்த அழுத்தத்தில் சம அளவு புளூரினும் ஆக்சிஜனும் கலந்த வாயுவைக் கடுங்குளிரில் வைத்து அதனூடே மின்னிறக்கம் செலுத்திப் பெற்றார்கள். மின்னிறக்கம் மூலக்கூறுகளைத் தனி அணுக்களாக உடைக்கிறது. உருவாகும் சேர்மம் சிதைவதற்குமுன் குளிர்ந்த சுவரில் படிந்து உறைகிறது. ஆரஞ்சு நிறமுடைய அப்பொருள் பனிக்கட்டி, மீத்தேன் போன்ற சாதாரணப் பொருள்களோடும் உக்கிரமாக வினைபுரியும். இருப்பினும் அதற்குப் பயன் இல்லாமல் போகவில்லை. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில், புளூட்டோனியத்தைக் குறைந்த வெப்பநிலையிலேயே எளிதில் ஆவியாகும் ஹெக்சாபுளூரைடாக மாற்றுவதற்கு அதை ஆராய்ந்தார்கள்.

கேள்வி: நான் காகித ஆலையில் பணிபுரிகிறேன். கந்தக அமிலமும் காஸ்டிக் சோடாவும் டேங்கர் லாரியில் வருகின்றன. குளோரின் டைஆக்சைடை மட்டும் ஆலைக்குள்ளேயே தயாரித்துக்கொள்வது ஏன்? எங்களுக்கு அதைப் பற்றிப் பயிற்சி வகுப்பில் சொன்னது போதவில்லை.
(வாசகர், கரூர் மாவட்டம்)

பதில்: உங்கள் கேள்விக்குச் சுருக்கமான விடை, அதை அழுத்தி உருளையில் அடைக்க முடியாது என்பது. ஆனால் தினமும் அதனருகே வேலை செய்யும் ஒருவருக்கு இந்த விடை போதாது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

குளோரின் டைஆக்சைடு மஞ்சள் கலந்த பச்சை நிற வாயு. 11 டிகிரி செல்சியஸில் செந்நிறத் திரவமாகக் குளிரும். அதன் மூலக்கூறில் இணைசேராத எலக்ட்ரான் ஒன்று இருக்கிறது. இத்தகைய பெரும்பாலான மூலக்கூறுகள் இரண்டிரண்டாக இணைந்து அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளும். இதுவோ தனித்தே நிற்கிறது. காற்றில் அதன் பங்கு ஏறத்தாழ 10 விழுக்காட்டைத் தாண்டினால், ஒரு பொறியோ சூடோ ஒளியோ போதும், குளோரினாகவும் ஆக்சிஜனாகவும் வெடித்துப் பிரிந்துவிடும். மேலே மாணவிக்குச் சொன்ன அந்த 100 கிலோஜூல் அவ்வேளையில்தான் திரும்பி வருகிறது.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹம்ப்ரி டேவி இதைப் பெற்ற முறை, பொட்டாசியம் குளோரேட்டின் மீது அடர் கந்தக அமிலத்தைச் சேர்ப்பது. உருவாகும் குளோரிக் அமிலம் தன்னைத்தானே பிரித்துக்கொண்டு, ஒரு பங்கு பெர்குளோரிக் அமிலமாகவும் இரண்டு பங்கு குளோரின் டைஆக்சைடாகவும் மாறுகிறது. மூன்றில் ஒரு பங்கு வீணாவதோடு, வாயு செறிவாக வெளிப்படுவதால் வெடிப்பும் நேர்ந்துவிடும். இந்த முறையை எவரும் எங்கும் செய்து பார்க்கக் கூடாது. பின்னர் வந்த ஆய்வகமுறையில் கந்தக அமிலத்துக்குப் பதில் ஆக்சாலிக் அமிலம் இடம்பெற்றது. அது எலக்ட்ரானைக் கொடுக்கும் ஒடுக்கியாகச் செயல்படும்போது கார்பன் டைஆக்சைடும் கூடவே எழுந்து, ஆபத்தான வாயுவைத் தானாகவே நீர்க்கச் செய்கிறது.

உங்கள் ஆலையின் உற்பத்திக்கலனும் இதே இரு தேவைகளை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டதுதான். மூலப்பொருள் சோடியம் குளோரேட்டு. அதிலுள்ள குளோரினின் ஆக்சிஜனேற்ற எண் +5. அதை +4-க்கு இறக்க ஓர் ஒடுக்கி வேண்டும். ஆலைக்கு ஆலை அது மெத்தனாலாகவோ, சல்பர் டைஆக்சைடாகவோ, ஹைட்ரஜன் பெராக்சைடாகவோ இருக்கும். வினை கந்தக அமிலத்தில் நடக்கும். மெத்தனால் முறையில் கலத்தின் அழுத்தத்தைக் குறைத்து, சுமார் 70 டிகிரியிலேயே கரைசலைக் கொதிக்கவிடுகிறார்கள். எழும் நீராவி, குளோரின் டைஆக்சைடை நீர்க்கச் செய்து தன்னோடு அள்ளிச் செல்கிறது. அடுத்த கோபுரத்தில் குளிர்ந்த நீர் அந்த வாயுவை உறிஞ்சிக்கொள்கிறது. லிட்டருக்கு 10 கிராம் அளவில் இருக்கும் அந்தக் குளிர்ந்த கரைசலே கூழ் வெளுக்கும் பகுதிக்குப் போகிறது. நீராவி, அழுத்தக்குறைவு, குளிர்நீர் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தடைப்பட்டால் உற்பத்தியை உடனே நிறுத்தச் சொல்வது இதனால்தான். பயிற்சி வகுப்புகளில் விதியை மட்டும் சொல்லிக் காரணத்தைச் சொல்லாமல் விடுவது தவறு என்பது என் உறுதியான கருத்து. காரணம் தெரிந்த தொழிலாளி விதியை மறப்பதில்லை.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் இதைப் பயன்படுத்த வேண்டும் என்றால், தனிக்குளோரின் மரக்கூழிலுள்ள லிக்னின் என்ற நிறம் தரும் பொருளின் வளையங்களில் குளோரின் அணுக்களைப் பொருத்திவிடுகிறது. டையாக்சின் போன்ற நச்சுப்பொருள்கள் அவ்வழியில் உண்டாகிக் கழிவுநீரில் கலந்தன. குளோரின் டைஆக்சைடு முதன்மையாக எலக்ட்ரானைப் பறித்து லிக்னினைச் சிதைப்பதால், அத்தகைய பொருள்கள் வெகுவாகக் குறைகின்றன. காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனமும் தனிக்குளோரின் இல்லாத வெளுப்புமுறைக்கு மாறியிருக்கிறது. ஆற்றோரத்து ஆலைகளுக்கு இந்த மாற்றம் எவ்வளவு தேவையானது என்பதைக் காவிரிக் கரையில் வாழும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: குளோரின் டைஆக்சைடு கலந்த கரைசலைத் துளித்துளியாகக் குடித்தால் பல நோய்கள் நீங்கும் என்று கைப்பேசியில் செய்திகள் வருகின்றன. நம்பலாமா?
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: நம்பக் கூடாது, குடிக்கவும் கூடாது. அவர்கள் விற்பது சோடியம் குளோரைட்டுக் கரைசல். சமையல் உப்பான சோடியம் குளோரைடு அன்று. அதில் எலுமிச்சைப் புளிப்புக்குரிய சிட்ரிக் அமிலத்தைச் சேர்க்கும்போது குளோரின் டைஆக்சைடு உருவாகிறது. அதைக் குடித்தவர்களுக்குக் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்பட்டு, நீரிழப்பால் உயிருக்கே ஆபத்தான அளவு இரத்த அழுத்தம் குறைந்ததைச் சுட்டி, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010-இலும் 2019-இலும் எச்சரித்தது. குடிநீர்ச் சுத்திகரிப்பில் இந்த வாயு பயன்படுவது உண்மையே. 1944-இல் அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரம், பீனால் வாடையைப் போக்குவதற்காக அதைத் தன் நீர்நிலையத்தில் பயன்படுத்தியது. ஆனால் அங்கே அனுமதிக்கப்படும் அளவு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. நீரிலுள்ள கிருமியைக் கொல்வதற்கான பொருளை மருந்தாகக் கொள்வது பெருந்தவறு. வீட்டில் யாரேனும் குடித்திருந்தால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்த் தீப்பெட்டித் தொழிலுக்கு வேண்டிய பொட்டாசியம் குளோரேட்டு உப்பிலிருந்து எடுக்கப்படுகிறது என்று கேள்விப்பட்டேன். உப்பு எப்படித் தீப்பற்ற உதவும் பொருளாகிறது? ராக்கெட்டிலும் இதுவேதானா?
(தீப்பெட்டி ஆலைப் பணியாளர், கோவில்பட்டி)

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது சரியே. முதன்முதலில் இந்தக் குளோரேட்டைச் செய்தவர் பிரான்சின் பெர்த்தோலே. 1780-களில், சூடான அடர் பொட்டாஷ் கரைசலில் குளோரினைச் செலுத்தி அவர் இதைப் பெற்றார். அந்த வினையில் ஆறு குளோரின் அணுக்களில் ஒன்று மட்டுமே குளோரேட்டாகும்; மற்ற ஐந்தும் வெறும் குளோரைடாகத் திரும்பிவிடும். வெடிமருந்தில் பொட்டாசியம் நைட்ரேட்டுக்குப் பதிலாக இதைச் சேர்க்கும் முயற்சி 1788 அக்டோபரில் எஸ்ஸோன் நகரில் நடந்தபோது, கலவை வெடித்து இருவர் மாண்டனர். லவாய்சியரும் பெர்த்தோலேயும் அன்று அங்கே இருந்து உயிர் தப்பியவர்கள்.

இன்றைய தொழிற்சாலைகள் மின்சாரத்தைக் கொண்டு அந்த வீணடிப்பைத் தவிர்க்கின்றன. உப்புக் கரைசலை மின்னாற்பகுக்கும்போது நேர்மின்வாயில் குளோரினும் எதிர்மின்வாயில் ஹைட்ரஜனும் காரமும் உண்டாகின்றன. காஸ்டிக் சோடா ஆலையில் இவை கலக்காதபடி இடையே சவ்வு வைப்பார்கள். குளோரேட்டு ஆலையில் அந்தத் தடுப்பு இல்லை. இரண்டும் கலந்து ஹைப்போகுளோரைட்டு ஆகி, 60 முதல் 80 டிகிரி வெப்பத்தில் தானே குளோரேட்டாகவும் குளோரைடாகவும் பிரிகிறது. மீளும் குளோரைடு திரும்பவும் மின்னாற்பகுப்புக்கு உள்ளாகிறது. முடிவில் உப்பும் நீரும் மின்சாரமும் உள்ளே போக, சோடியம் குளோரேட்டும் ஹைட்ரஜனும் வெளியே வருகின்றன. அதனோடு பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்துக் குளிரவைத்தால், நீரில் குறைவாகவே கரையும் பொட்டாசியம் குளோரேட்டு படிகமாக அடியில் தங்குகிறது. மேல்நிலைத் தொட்டிக்கு நீரை ஏற்றிவைப்பதுபோல, மின்சாரத்தின் ஆற்றல் அந்தப் படிகத்தில் ஏற்றிவைக்கப்பட்டிருக்கிறது. தீக்குச்சியின் முனையிலுள்ள குளோரேட்டு, பெட்டியின் பக்கவாட்டில் பூசிய சிவப்புப் பாஸ்பரஸோடு உராயும்போது, தன்னிடமுள்ள ஆக்சிஜனை ஒரே நொடியில் கந்தகத்துக்கும் பசைக்கும் வழங்கிவிடுகிறது. உலர்ந்த குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்த்து அரைப்பது ஆளைக் கொல்லும் செயல்; ஈரமாகவே கலக்க வேண்டும் என்ற விதியை உங்கள் ஆலையில் யாரும் தளர்த்த விடாதீர்கள்.

ராக்கெட்டில் இருப்பது இதன் அடுத்த படி. குளோரேட்டை மேலும் மின்னாற்பகுத்தால் பெர்குளோரேட்டு கிடைக்கும். இதற்கு விலையுயர்ந்த பிளாட்டினம் நேர்மின்வாய் தேவைப்பட்டது. வள்ளல் அழகப்பர் கொடுத்த நிலத்தில் 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், கிராஃபைட்டின் மீது லெட் டைஆக்சைடு படியவைத்த மின்வாயை உருவாக்கி அந்தச் செலவைக் குறைத்தது. தமிழ் மண்ணில் நடந்த இந்தப் பணியைப் பற்றி நம் மாணவர்கள் அதிகம் அறியாதிருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. சோடியம் பெர்குளோரேட்டை அம்மோனியம் குளோரைடோடு வினைபுரியச் செய்து பெறும் அம்மோனியம் பெர்குளோரேட்டு, எரிந்தபின் திடமான எச்சம் எதையும் தான் விட்டுவைப்பதில்லை. எனவே திட எரிபொருள் ராக்கெட்டுகளுக்கு உகந்தது. அமெரிக்க விண்ணோடத்தின் பக்க ராக்கெட்டுகளின் கலவையில் ஏறத்தாழ 70 விழுக்காடு அதுவே. நம் இஸ்ரோவுக்கும் கேரளத்தின் ஆலுவாவில் அதைச் செய்யும் ஆலை உண்டு. 1988 மே 4 அன்று நெவாடா மாநிலத்தின் ஹெண்டர்சன் நகரில் இருந்த தொழிற்சாலையில், சேலஞ்சர் விபத்துக்குப்பின் விண்ணோடங்கள் பறக்காததால் தேங்கிக் கிடந்த சுமார் 4,000 டன் பெர்குளோரேட்டு தீப்பற்றி வெடித்தது. இருவர் இறந்தனர், நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தனர்.

கேள்வி: பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட் ஊற்றிக் கழுவினால் நன்றாக வெளுக்கும் என்கிறார்கள். செய்யலாமா?
(இல்லத்தரசி, மதுரை)

பதில்: ஒருபோதும் செய்யாதீர்கள். நீற்றிய சுண்ணாம்பின் மீது குளோரினைச் செலுத்திச் சலவைத்தூளை, அதாவது பிளீச்சிங் பவுடரை, செய்வதற்கு 1799-இல் கிளாஸ்கோவின் சார்லஸ் டெனன்ட் காப்புரிமை பெற்றார். அமிலம் பட்டவுடன் அந்த வினை பின்னோக்கித் திரும்பி, சுண்ணாம்பு பிடித்து வைத்திருந்த குளோரின் முழுவதும் வாயுவாக வெளியேறும். கதவடைத்த கழிப்பறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். தவறி நேர்ந்துவிட்டால், கழுவிச் சரிசெய்ய முயலாமல் முதலில் வெளியே வந்துவிடுங்கள். இருமலோ மூச்சுத்திணறலோ நிற்காவிட்டால் மருத்துவரிடம் செல்லுங்கள். அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவங்களோடும் பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கக் கூடாது.

கேள்வி: அயோடின் கலந்த உப்பில் இருப்பது பொட்டாசியம் அயோடேட்டு என்று பொட்டலத்தில் அச்சிட்டிருக்கிறது. அயோடைடு போதாதா? குளோரேட்டு ஆபத்தென்றால் அயோடேட்டு மட்டும் எப்படி உணவாகும்?
(உப்பு வணிகர், தூத்துக்குடி)

பதில்: ஈரமும் சூடும் மிகுந்த நம் நாட்டில், அயோடைடு காற்றிலுள்ள ஆக்சிஜனால் அயோடினாக மாறி ஆவியாகிப் போய்விடும். அயோடேட்டில் அயோடின் ஏற்கெனவே ஆக்சிஜனோடு சேர்ந்திருப்பதால், காற்று அதை மேலும் எதுவும் செய்வதில்லை. சாக்குப்பையில் கட்டிய கல்லுப்பிலும் அது தங்கும். வாங்குபவர் கையில் சேரும்போது பத்து லட்சத்தில் 15 பங்காவது அயோடின் இருக்க வேண்டும் என்பது இந்திய அளவுகோல். அவ்வளவு சிறிய அளவு உடலுக்குத் தீங்கு செய்வதில்லை. உடலுக்குள் அது அயோடைடாக ஒடுக்கப்பட்டு, தைராய்டு சுரப்பிக்குப் பயன்படுகிறது.

குளோரினோடு ஒப்பிட்டால் அயோடினின் அணு பெரியது, எலக்ட்ரானைப் பற்றும் அதன் பிடியும் தளர்ந்தது என்பதால், ஆக்சிஜனோடு அதற்குள்ள உறவு வலுவானது. நான் மேலே கூறிய பற்றாக்குறை அயோடினில் ஆதாயமாக மாறுகிறது: அயோடின் பென்டாக்சைடு உருவாகும்போது ஒரு மோலுக்கு 150 கிலோஜூலுக்கும் மேல் வெளிப்படுகிறது. புகையும் நைட்ரிக் அமிலத்தால் அயோடினை ஆக்சிஜனேற்றி அயோடிக் அமிலமாக்கி, அதை 200 டிகிரியில் சூடாக்கி நீரை விரட்டினால், வெண்மையான அந்தத் தூள் கிடைக்கும். ஏறத்தாழ 300 டிகிரிவரை அது சிதையாது. கார்பன் மோனாக்சைடு அதன்மீது பட்டால் அயோடின் விடுபடும். அந்த அயோடினோடு வினைபுரிய எவ்வளவு தயோசல்பேட்டுக் கரைசல் தேவைப்படுகிறது என்று அளந்து, காற்றில் எவ்வளவு கார்பன் மோனாக்சைடு இருந்தது என்று கணக்கிடலாம்.

அயோடேட்டு தயாரிப்பில் ஒரு முறை, அயோடினைக் குளோரேட்டோடு சூடாக்குவது. ஆக்சிஜன் குளோரினை விட்டு அயோடினிடம் செல்ல, குளோரின் வாயுவாக வெளியேறுகிறது.

இடையிலுள்ள புரோமேட்டு அவ்வளவு அமைதியானது அன்று. ரொட்டி மாவு உப்புவதற்காகச் சேர்க்கப்பட்டுவந்த பொட்டாசியம் புரோமேட்டை, புற்றுநோய் ஐயத்தின் காரணமாக 2016-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விலக்கியது.

கேள்வி: பெர்குளோரேட்டும் பெர்அயோடேட்டும் 19-ஆம் நூற்றாண்டிலேயே இருக்க, பெர்புரோமேட்டு மட்டும் ஏன் இவ்வளவு தாமதமாகக் கிடைத்தது?
(வேதியியல் முதுகலை மாணவர், திருச்சி)

பதில்: அது இருக்கவே முடியாது என்று நிறுவும் கட்டுரைகள்கூட வெளிவந்தன. 1968-இல் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் இவான் ஆப்பல்மன், கதிரியக்கச் செலினியம்-83 அடங்கிய செலினேட்டை எடுத்துக்கொண்டார். செலினியத்தின் உட்கரு, எலக்ட்ரான் ஒன்றை வெளியேற்றும் பீட்டாச் சிதைவால் புரோமினாக மாறும்போது, அதைச் சுற்றியிருந்த நான்கு ஆக்சிஜன்களும் இடத்திலேயே நிற்க, பெர்புரோமேட்டு பிறந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவே கிடைத்தாலும், அது நிலையானது என்பது தெரிந்துவிட்டது. பின்னர் அவரே செனான் டைபுளூரைடாலும், காரக்கரைசலில் புளூரினாலும் புரோமேட்டை ஆக்சிஜனேற்றி அதை எடைபோடும் அளவில் தயாரித்தார். மூன்று சேர்மங்களிலும் உருவாக்குவதற்கு மிக உயர்ந்த மின்னழுத்தம் கேட்பது பெர்புரோமேட்டே. ஓசோனும் பெர்சல்பேட்டும் கொண்டு முயன்றவர்களுக்கு, கணக்குப்படி அவை போதுமானவையாக இருந்தும், வினை நடக்கும் வேகம் கைகொடுக்கவில்லை. இதே ஆப்பல்மன், 1971-இல் ஸ்டூடியருடன் சேர்ந்து, சுமார் -40 டிகிரியில் பனிக்கட்டியின் மீது புளூரினைச் செலுத்தி ஹைப்போபுளூரஸ் அமிலத்தையும் எடைபோடும் அளவில் பிரித்தெடுத்தார்.